பஞ்சப்படி

பைகுல்லாவில் ரயில்வே சம்பளப் பிரிவில் எனக்கு வேலை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிம்லாவிலிருந்து குறியீட்டெண் வரும்.
அன்றைய நூறு ரூபாய்
இன்றைக்கு எவ்வளவு பெறும் என்று
ஆயிரத்து நானூறு பேருக்குப் பஞ்சப்படி போடுவேன்.
சாயங்காலம் நாக்பாடா மைதானத்தில்
கூடைப்பந்துக்கு ஸ்கோர் ஷீட் எழுதுவேன்.
இரண்டு இடத்திலும் அடித்தல் திருத்தல் கூடாது.

நேற்று ஆட்டம் முடிந்து
பாதி விளக்கை அணைத்த பிறகும்
டெரன்ஸ் டிமெல்லோ எழுந்து போகவில்லை.
எழுபத்திரண்டு வயது.
இடது கைச் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு
பேச்சுவார்த்தை இல்லாததுபோல் தனியே பார்க்கும்.

"அப்போ சிமெண்ட் தரை. விழுந்தா
முட்டித் தோல் தரைக்குச் சொந்தம்.
இஸ்ஹாக் பாய் முழங்கை பட்டு எனக்குப் பல் போச்சு.
ரெஃபரி குனிஞ்சு தேடி,
பல்லைக் கையில் கொடுத்துட்டு
ஆடுன்னார். விசில் ஊதலை.
இவனுங்களுக்கு மூச்சுக்காத்து பட்டாலே ஃபவுல்."

ரெஹான் கணுக்காலில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தான்.
இன்று முப்பத்தொன்று போட்டவன்.
"அங்கிள், உங்களை மறிச்சவன்
மில்லுல ஷிஃப்ட் முடிச்சு வந்தவன்.
ஆறடி இருந்தா அவன்தான் சென்டர்.
என்னை மறிக்கிறவன் ஆறே முக்கால் அடி.
முட்டையும் ஜிம்மும்தான் அவனுக்கு உத்தியோகம்.
அவன்மேல ஏறிப் போட்டுக் காட்டுங்க."

சண்டை நடந்தது பம்பாய் இந்தியில்.
எனக்குக் கேட்டது தமிழில்.
என் பக்கம் திரும்பினார்கள் இருவரும்,
கணக்குத் தெரிந்தவள் என்று.

எழுபத்தெட்டு ஃபைனலில் டெரன்ஸ் முப்பத்தெட்டு.
அன்று மூன்று புள்ளிக் கோடே கிடையாது,
காம்பவுண்டுச் சுவரில் முதுகு உரச நின்று போட்டாலும்
இரண்டுதான்.
"அப்படி எத்தனை?"
"பதினொண்ணு."
"யார் எண்ணினது?"
"போட்டவன்."
ஷீட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன்: நாற்பத்தொன்பது.

சரி, கான்வாஸ் ஷூவுக்கு எவ்வளவு கூட்ட?
மழையில் கல்லாய்க் கனத்த தோல் பந்துக்கு?
எதிராளியின் உயரத்துக்கு எவ்வளவு கழிக்க?
மில் சங்கு ஊதி நேராக வந்தவனின் களைப்பை
எந்தக் கலத்தில் போட?
வலிக்கு சிம்லாவில் யாரும் குறியீட்டெண் வைத்திருக்கவில்லை.
வளையம் மட்டும் அன்றும் இன்றும் பத்தடி.
அதற்கு அகவிலை கிடையாது.

பென்சில் நின்றதைப் பார்த்து
டெரன்ஸ் தொண்டையைச் செருமினார்.
"ஒண்ணு சேர்த்துக்கோ.
அந்தப் பல் போனதுக்கப்புறம்
கூடைக்கு அடியில நான் போகவே இல்லை.
பயம்.
தூரத்துல நின்னு போடப் பழகினது அதனாலதான்.
பேப்பர்ல துணிச்சல்னு எழுதினான்.
நானும் வெட்டி ஒட்டி வச்சிருக்கேன்."

ரெயில் ஒன்று போனது. அது போகும்வரை
யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ரெஹான் ஆறுதல் சொல்வான் என்று நினைத்தேன்.
அவன், "எங்க நின்னு?" என்று கேட்டான்.

டெரன்ஸ் எழுந்தார். கோட்டைத் தாண்டி
இன்னும் ஒன்றரை எட்டு பின்னால் போய்,
பக்கத்தில் யாரோ நிற்பதுபோல்
தோளைச் சற்று ஒடுக்கி,
குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

ரெஹான் நொண்டிக்கொண்டே வந்தான்.
பையைப் பிரித்து ஒரு ஐஸ் துண்டை
அந்த இடத்தில் வைத்தான்.
அங்கிருந்து கூடையைப் பார்த்தான்.
"இங்கிருந்தா?"
"இங்கிருந்துதான்."
பந்து அதற்குள் ஸ்டோர் ரூமில் பூட்டியாகிவிட்டது.

வாட்ச்மேன் மீதி விளக்குகளையும் அணைத்தான்.
ஷீட்டை மடித்துப் பையில் வைத்தேன்,
முன்பக்கம் மையில் முப்பத்தொன்று.
வெளியே வரும்போது
எந்த இடம் ஐஸ், எந்த இடம் வியர்வை என்று
தரையில் தெரியவில்லை.
வழுக்கிவிடாமல் இருவரும்
என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்கள்.