நுனிச் சர்க்கரை

முஹர்ரக்கில் ஆகஸ்ட்.
ஆய்வகக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்க்கிறது.
உள்ளே பதினெட்டு டிகிரி;
என் விரல்களுக்கு அது ஆகாது.
காலை ஆறு மணி விரல்கள்
என்னுடையவை அல்ல.
பத்துக்கு மேல்தான்
ஒவ்வொன்றாக வேலைக்கு வரும்.

பிறபொருளெதிரி என்று
பள்ளியில் மனப்பாடம் செய்த சொல்.
பதினோரு வருடமாக இந்தத் தீவில்
பிறபொருள் நான்தான்.
என் கைமூட்டை யார் அந்தப் பட்டியலில் சேர்த்தது?

கவட்டைக் குச்சி போல் அதன் உருவம்.
எதைப் பிடிப்பதென்று இரண்டு கைக்கும் தெரியும்.
பிடித்தபின் என்ன செய்வதென்று
அடிக்காம்பில் ஒட்டிய
சின்னச் சர்க்கரைக் கிளை சொல்லும்.
ஃபியூக்கோஸ் ஒன்று குறைந்தால்
கொல்லும் செல்கள் இன்னும் இறுக்கிப் பற்றும்.
நுனியில் காலக்டோஸ்,
அதன்மேல் சியாலிக் அமிலம் இருந்தால்
சரி, விடு என்கிற குரல்.
நுனி மொட்டையானால்
சண்டைக்கு வேறு காரணம் வேண்டாம்.

(இனிப்பைக் குறை என்று
போனில் அதட்டும் மாமிக்கு
இதை எப்படி விளக்க?
கரக் சாயாவின் சர்க்கரை வேறு, மாமி.)

சூலுற்ற ஐந்தாம் மாதம்
மரிசெல் என் ரத்தத்தையும் இயந்திரத்தில் ஓட்டினாள்,
0417 என்று பேர் வைத்து.
இரட்டைக் காலக்டோஸின் சிகரம்
திரையில் எழுந்து நின்றது.
எட்டாம் மாதம்,
எல்லாருக்கும் விரல் வீங்குகிற மாதம்,
நாலு வருடமாக டப்பாவில் கிடந்த மோதிரம்
எனக்கு நுழைந்தது.
ஷிஹாப் அதைப் படமெடுத்தான்.
யாருக்கும் அனுப்பவில்லை.

நிஸ்மா பிறந்தாள்.
பத்தாவது வாரம்
அவள் சட்டைப் பொத்தானை
என்னால் போட முடியவில்லை.
0417, இரண்டாம் மாதிரி:
சிகரம் இருந்த இடத்தில் மணல்மேடு.

தொப்புள்கொடி ரத்தமும் எடுத்து வைத்திருந்தேன்.
அதில் நுனி நிறைந்த என் எதிரிகள்,
நஞ்சுக்கொடி தாண்டிப் போனவை.
மூன்று வாரத்தில் பாதி,
பிறகு அதில் பாதி என்று
அவளுக்குள்ளும் கரைந்துகொண்டிருக்கும்.
எனக்கென்று மீதம் வைக்காமல்
கொடுத்துவிட்டேன் என்றால் அழகாயிருக்கும்.
அவள் எதையும் எடுக்கவில்லை.
ஹார்மோன் இறங்கியது, அவ்வளவுதான்.
அதுவும் முழுசாக யாருக்கும் தெரியாது.

உறைபெட்டி, மைனஸ் எண்பது.
குழாய் மூடியைத் திருகப் பார்க்கிறேன்.
மரிசெல் ஒன்றும் கேட்காமல்
வாங்கித் திறந்து
கையில் தருகிறாள்.