ஐந்நூற்று எண்பத்தேழாம் துறை

மெயில் போகவில்லை என்றுதான் போனில் சொன்னார்கள்.
அதற்கு ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.
ஆனாலும் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.
வெறுங்கையோடு போய் இருநூறு ரூபாய் கேட்க
நாக்கு எழாது.

உச்சிப்புளி தாண்டி, மண்டபம்.
நண்டுக் கம்பெனி.
கீழே ஐஸ் உடைக்கும் சத்தம்.
மாடியில் ஒரு கணினி,
உப்புக்காற்றில் அதன் துளைகளெல்லாம் துருவேறி.
ஒரு சன்னலில் வடகடல், எண்ணெய் ஊற்றியதுபோல்.
தண்டவாளத்துக்கு அந்தப்புறம் தென்கடல்
கச்சானில் எழும்பி எழும்பி விழுகிறது.
நடுவில் ஜெசிந்தா,
கணக்கு நோட்டின் மேல் கல்லை வைத்துவிட்டு
எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

பெயர் அடித்தேன். முகவரி அடித்தேன்.
உள்ளே வருவதற்கு ஒரு சேவையகம்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று.
கடவுச்சொல்லை அவர் காதோடு சொன்னார்,
ஐஸ் உடைப்பவர்களுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல்.
பதினொரு நாள் மெயில் கூடை கூடையாக இறங்கியது.
தூத்துக்குடியிலிருந்து மட்டும் ஏழு.
எத்தனை கிலோ?
ஏன் பதில் இல்லை?
கம்பெனி இருக்கிறதா, பூட்டிவிட்டீர்களா?
அப்புறம் லாட்டரியில் ஒரு கோடி விழுந்ததாக ஒன்று.

"அவங்க பேசுறது கேக்குது.
நாம பேசுறதுதான் போகல."

வெளியே போவதற்கு இருபத்தைந்து போட்டேன்.
நானூற்று அறுபத்தைந்து.
ஐந்நூற்று எண்பத்தேழு.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
அனுப்ப மறுக்கப்பட்டது என்று நின்றது.
உதவி எண்ணில் நாதஸ்வரம் வாசித்தார்கள்.
ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"சேவையகம்னா யாரு?"
"கரையில உக்காந்திருக்கிற ஆள்னு வச்சுக்குங்க.
வர்றதுக்கு ஒருத்தர். போறதுக்கு வேற ஒருத்தர்."
"போற ஆள்கிட்ட நாம யாருன்னு சொன்னீங்களா?"
"வர்ற பக்கமே சொல்லியாச்சே."
சிரித்துவிட்டார்.
"வந்த போட்ட எவன் கேக்குறான்?
போறதுக்குத்தான டோக்கன்!
நேத்து வாங்கினேன்னு சொன்னா
இன்னைக்கு விடுவானா?"

பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.
மூன்றாவது பக்கம், அடியில்,
யாரும் தொடாத சின்னக் கட்டம்:
அனுப்பும் சேவையகத்துக்கும் அடையாளம் தேவை.
டிக் அடித்தேன்.

சோதனைக் கடிதம் ஒன்று
எங்களிடமிருந்து எங்களுக்கே போய்
எங்களிடமே வந்தது.
அதன்பின், நான் தொடாமலேயே,
தேங்கிக் கிடந்தவை கிளம்பின. பதினான்கு.
ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.
"செவ்வாக்கிழமையை நிறுத்துங்க!"

செவ்வாய்:
போட் இன்னும் கரைக்கு வரவில்லை.
எல்லையில் பிடித்திருக்கலாம் என்கிறார்கள்.
டிரைவர் கிளிண்டஸ் மற்றும் மூவர்.
சரக்கு இல்லை. வருந்துகிறோம்.

வியாழன்:
போட் வந்துவிட்டது. இன்ஜின் பழுது.
நால்வரும் நலம். நண்டு கெட்டுவிட்டது.

வியாழன் எப்படியோ முந்திப் போயிருந்தது.
செவ்வாய் அதன் பின்னால்
நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.
நிறுத்த ஒரு பொத்தானும் இல்லை.

இரண்டாம் நிமிடம் போன் அடித்தது.
"வந்துட்டாங்க சார்...
இல்ல சார், காணாமப் போனது அதுக்கு முன்னாடி...
அன்னைக்கு எழுதினது சார், இன்னைக்குப் போகுது...
ஆமா, டிரைவர்தான்...
எங்க வீட்டுக்காரர்தான் சார் அது."

நான் செவ்வாய்க் கடிதத்தை இன்னொரு முறை பார்த்தேன்.
டிரைவர் கிளிண்டஸ் என்றுதான் இருந்தது.
வருந்துகிறோம் என்று பன்மையில்.

சன்னலுக்குக் கீழே
ஐஸ் பெட்டிமேல் ஒரு காலைத் தூக்கி வைத்து
காணாமல் போனவர்
காற்றுக்கு முதுகு காட்டிப் பீடி பற்றவைத்தார்.
மூன்றாவது குச்சியில் பிடித்தது.

இருநூறு கேட்டேன்.
நூற்றைம்பது எண்ணித் தந்தார் ஜெசிந்தா.
மீதி ஐம்பது
டோக்கனுக்காம்.