பதினான்காம் குழி

இரவு மழை பெய்தால்
காலையில் கல் முளைக்கும்.
வெள்ளை மணலுக்கு அடியில் ஒரு துணி,
துணிக்கு அடியில் ஜல்லி.
துணி கிழிந்த இடம் எங்கே என்று
மூன்று மாதமாகத் தோண்டுகிறோம்
நானும் ஷஃபிகுலும்.

போன வியாழன் மிஸ்டர் கோ
தன் மட்டையின் முகத்தைக் கொண்டுவந்து காட்டினார்.
நகக்கீறல் அளவு ஒரு வடு.
அறுநூறு வெள்ளி என்றார்.
மேலாளர் என்னைப் பார்த்தார்.
நான் மட்டையைப் பார்த்தேன்.
அதில் ஏற்கெனவே வரிவரியாகக் கோடுகள்.
எது கல் போட்டது, எது கம்பெனி போட்டது
எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து சல்லடை.
ஐந்தரை மணி, கிராஞ்சி இன்னும் இருட்டு,
தலைவிளக்கைச் சுற்றிக் கொசு.
பட்டாணி அளவு, சுண்டைக்காய் அளவு,
ஒருமுறை கோழிமுட்டை அளவு.
முட்டையை ஷஃபிகுல்
வண்டியின் முன்னிருக்கையில் உட்காரவைத்து
நாள் முழுக்க ஊர்வலம் விட்டான்.

சட்டம் மாறிவிட்டதாம்.
முன்பெல்லாம் தொட்டாலே தண்டனை;
இப்போது பந்து அசையாமல்
கல்லை மட்டும் எடுக்கலாமாம்.
நேற்று ஓர் அம்மாள், கண்ணாடி போட்டவர்,
மண்டியிட்டு
தூங்கும் பிள்ளையின் கையிலிருந்து
பொம்மையை உருவுவதுபோல் எடுத்தார்.
பந்து அசையவில்லை.
கல்லோடு சுற்றிலும் பார்த்தார்.
ரேக்கை ஊன்றி நின்றேன் நான்.
உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொன்னார்,
"உங்களுடையது."

கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
விடுதிக்குத் திரும்பும் லாரியில்
தொடையை அழுத்திக்கொண்டே வந்தது.
எறிந்திருக்கலாம்.
வழி நெடுக
எறிய இடமிருந்தது.

இரவு மறுபடியும் மழை.