மூலை நடவு

பதினைந்தாம் தேதி காலை
கோரையாற்றுப் பாலத்தடியில்
என் ஸ்டூல், என் குடை, என் கைரேகைக் கருவி.
வங்கி இருப்பது பதினொரு கிலோமீட்டர் தள்ளி.
ஆயிரம் எடுத்துக் கொடுத்தால்
எனக்கு நாலு ரூபாய் சொச்சம்.

செங்கமலம் எப்போதும் கடைசியில்தான் வருவாள்.
தனக்கு நேரமெடுக்கும் என்று அவளுக்கே தெரியும்.
முப்பது வருஷம் நாற்று பிடித்த கட்டைவிரல்
சேற்றில் தேய்ந்து
புளியங்கொட்டை மாதிரி வழவழப்பு.
கருவி சிவக்கும்.
மீண்டும் முயற்சிக்கவும்.
புடவையில் துடைப்பாள். தலையெண்ணெயில் தேய்ப்பாள்.
என் வாசலின் டப்பா. ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல்.
மீண்டும் முயற்சிக்கவும்.
"இத்தன வருசம் நட்டவள
இதுக்கு மட்டும் தெரியலியாம்" என்பாள் வரிசையிடம்.
வரிசை சிரிக்கும்.
சில மாதம் சுண்டுவிரல் கைகொடுக்கும்.

கோபிநாதன் நடவு மெஷின் இறக்கினார்.
பாதி விலை மானியம்.
நாற்றைப் பாய் போலச் சுருட்டி ஏற்றினார்கள்.
ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம்.
ஓட்ட வந்த ஆத்தூர்ப் பையன் காதில் பாட்டு.
பதினாறு பேர் வரப்பில் நின்று பார்த்தார்கள்.
யாரும் திட்டவில்லை.
"அதுக்கு இடுப்பு வலிக்காது பாரு" என்றாள் தையல்நாயகி.
பொறாமையா நிம்மதியா,
எனக்குப் பிடிபடவில்லை.

டீக்கடையில் அதே பேச்சு.
"வீடு தேடி ஆயிரம் வந்தா
எவ எறங்குவா சேத்துல? அதான் மெஷின்."
"மெஷின் வந்துச்சு, அதான் ஆயிரம்" என்றான்
பாலிடெக்னிக் முடித்த இளவழகன்.
"அதுவும் பத்தாது. எல்லாருக்கும் கொடுக்கணும்,
ஒங்களுக்கும் சேத்து, கேள்வி கேக்காம."
"எனக்கெதுக்குடா?"
"மானியம் வாங்குறப்ப கேட்டீங்களா, எதுக்குன்னு?"
கோபிநாதன் வடையைப் பிய்த்தார்.
என் கருவிக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான்:
வரவு.

செங்கமலத்திடம் ஒருநாள் கேட்டேன்.
"காசு நல்லதுதான். வேணாம்னு சொல்ல
பைத்தியமா எனக்கு?
கேஸு வாங்குனேன். மருமவன்கிட்ட கையேந்தல.
ஆனா ஆயிரம்னா மூணு நாள் நடவு.
மிச்சம் இருவத்தேழு நாளுக்கு
யாரு பதில் சொல்லுவா?"
குடையை மடக்குவதில் மும்முரமானேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பதினைந்தாம் தேதி
வைத்தவுடன் பச்சை.
கருவி தப்பு செய்துவிட்டதென்றே நினைத்தாள்.
கட்டைவிரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
ரேகை முளைத்திருந்தது,
மெல்லிசு மெல்லிசாய், சுழி சுழியாய்.
"சும்மா இருந்தா இது வளருமா?" என்றாள்.
அரை நிமிஷத்தில் பணம் கிடைத்த அன்று
எழுந்து போக அரைமணி எடுத்துக்கொண்டாள்.

மெஷினுக்கு மூலையில் திரும்ப வராது.
ஒவ்வொரு வயலிலும் நாலு முக்கோணம்
வெறும் தண்ணீராய்க் கிடக்கும்,
வானம் மட்டும் நட்டமாதிரி.
இந்த ஆடியில் கோபிநாதன் சொல்லியனுப்பினார்:
ரெண்டு பேர் போதும்.
தையல்நாயகியும் இவளும்
பன்னிரண்டு நாள், ஊர் வயல் மூலையெல்லாம்.
கூலி பாதி. நட்டது மூலைதானே.

இன்று வந்தாள்.
நகக்கண்ணில் சேறு, கட்டைவிரலில் வெட்டு,
தோல் ஊறி வெளுத்திருக்கிறது.
கருவி சிவந்தது.
மீண்டும் முயற்சிக்கவும்.
வாசலின் டப்பாவைத் திறந்தேன்.
"இரு, என்ன அவசரம்?" என்று
அதே விரலை இன்னொரு தரம் அழுத்தினாள்.
சிவப்பு.
முகமெல்லாம் மலர்ந்து
வரிசையிடம் சொல்லத் திரும்பினாள்.

இப்போதெல்லாம் போனிலேயே எடுத்துவிடுகிறார்கள்.
அவளுக்குப் பின்னால் யாருமில்லை.
பாலம், வெயில்,
ஒரு சைக்கிள்.