மருந்துக்கும் இல்லை

லீ பஜாரில் பூச்சிமருந்துக் கடையில்
பில் போடுகிறவன் நான்.
சாயங்காலம் வீட்டுக்கு வந்தால்
பின்பக்கக் குழாயடியில் குளித்து
சட்டையைத் தனி வாளியில் போட்ட பிறகே
மகனைத் தூக்கலாம்.
கோகிலவாணி போட்ட சட்டம்.
அவனுக்கு அப்போது மூன்று மாதம்.

ஊசி போட்ட அஸ்தம்பட்டி டாக்டர்
ஆறு முடிந்ததும் பூசணி மசித்துக் கொடுங்கள் என்றார்.
திரும்பும் வழியில், வண்டியின் பின்னாலிருந்து
அவள் கேட்டாள்:
"காய்க்கு எத்தனை நாளைக்கு ஒருதரம் அடிப்பாங்க?"
சும்மா இருந்திருக்கலாம். சொன்னேன்.
அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கணும் என்று
டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருப்பதையும்,
என்னிடம் வாங்கியவர்களில் ஒருவர்கூட
இதுவரை அதைக் கேட்டதில்லை என்பதையும்.

அந்த வாரமே
பொன்னம்மாபேட்டை வாடகை வீட்டு மொட்டைமாடியில்
பதினோரு பை.
செம்மண் அயோத்தியாப்பட்டணத்துக்காரி.
ஆட்டுப்புழுக்கை அவள் சித்தப்பாவின்
டிவிஎஸ்ஸில் உட்கார்ந்து வந்தது.
ஒழுகினால் அட்வான்ஸில் பிடிப்பேன் என்று
ஏறி வந்த வீட்டு ஓனர்
செங்கல் மேல் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு
மூச்சு வாங்க இறங்கினார்.

மேட்டூர்த் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை.
அரிசி கழுவியது மிளகாய்க்கு.
பாசிப்பயறு மாவு தேய்த்துப் பிள்ளை குளித்தது
பூசணிக்கு.
"குளிச்ச தண்ணியையே திங்கப் போறான் பய" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை,
நான்கு நாளாகத் தூக்கமில்லை.

முதல் வெண்டை கொக்கி மாதிரி வளைந்திருந்தது.
இரண்டாவதில் புழு.
மூன்றாவது எங்கே போனதென்று
அணிலுக்குத்தான் தெரியும்.
எல்கேஜி படிக்கும் மூத்தவள் தாரகை
புழுவைத் தீப்பெட்டியில் படுக்கவைத்துப்
பள்ளிக்கூடம் கூட்டிப்போனாள்.

கணக்குப் பார்த்தேன், தொழில் புத்தி.
செலவு மூவாயிரத்து நானூற்று இருபது.
வரவு:
கத்தரி ஒன்றேகால் கிலோ, சிறுகீரை ஆறு பிடி,
கொடியில் இன்னும் பழுக்காத ஒரே பூசணி,
அதுவும் தேங்காய் அளவு.
அதற்குள் பிள்ளைக்கு ஆறு முடிந்து
முதல் வாய் உழவர் சந்தை கேரட்டில் போனது.
மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று முறை கழுவினாள்;
நாலாவது முறை
கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு
சும்மா நின்றாள்.

அப்புறம்தான் மாவுப்பூச்சி வந்தது.
கத்தரியை முடித்துவிட்டுப்
பூசணிக் கொடியின் கணுவில் ஏறியது.
அன்றைக்குக் கடையிலிருந்து
பத்து மில்லி சாம்பிள் பாட்டில் ஒன்றை
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
அதே பையில் பிள்ளையின் காய்ச்சல் சிரப்.
இரண்டுக்கும் ஒரே பெயர் எங்கள் ஊரில்,
மருந்து.

குளிக்கவில்லை. நேரே மாடிக்குப் போனேன்.
ஏற்காட்டு மலையில் ஒரு வண்டி விளக்கு
ஊசி ஊசியாகத் திரும்பிக்கொண்டிருந்தது,
தெரியும், மறையும்.
அவள் முன்னமே அங்கே இருந்தாள்.
இடுப்பில் பிள்ளை, வாயில் கடித்த செல்போன் டார்ச்,
பழைய பனியன் துணியை வேப்பெண்ணெயில் நனைத்து
ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பி.
பல்லுக்கிடையில் ஏதோ சொன்னாள்.
"குளிச்சாச்சா" என்றுதான் இருக்கும்.

காலையில் பாட்டிலை ஸ்டாக்கில் ஏற்றினேன்.
வாழப்பாடிக்காரர் ஒருவரிடம்
அடித்த பிறகு எத்தனை நாள் என்று
சொல்ல ஆரம்பித்தேன்.
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே
"சரிங் தம்பி, சரிங்" என்று போய்விட்டார்.

பூசணியை அறுத்த ஞாயிற்றுக்கிழமை
இட்லிப்பானையில் வைத்து
ஆவி அடங்கும்வரை அதன் முன்னாலேயே இருந்தோம்.
விரலால் மசித்தாள். அரைச் சொட்டு நெய்.
மகன் வாங்கினான், யோசித்தான்,
துப்பினான்.
மறுபடி ஊட்டினாள், மறுபடி
என் சட்டையில்.

மூவாயிரத்து நானூற்று இருபது என்று
அப்போதும் நான் சொல்லவில்லை.
அடுப்படிக்கு வெளியே
ஸ்பூன் எவர்சில்வரில் உரசும் சத்தம்.
எட்டிப் பார்த்தோம்.
தாரகை நிமிரவே இல்லை.
கிண்ணத்தில்
மருந்துக்கும் மிச்சமில்லை.