என்கிற

தபால்காரர் இன்றும் என் அப்பாவைத்தான் கூப்பிட்டார்:
"மதாம் தணிகாசலம்!"
அப்பா முத்தியால்பேட்டையில் இறந்து பதினாறு வருஷம்.
அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டு
பதிவுத் தபாலை வாங்கிக்கொண்டேன்.
பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம்.
முன்னெழுத்தாய்ப் புள்ளி வைத்து உட்கார்ந்திருந்த மனுஷரை
முழுசாய் எழுப்பி
ரெயூனியனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான்
சேன்-தாந்த்ரேயில் என் வாசலில் கரும்பு லாரியை நிறுத்திய
ழெரார் பத்ஷாய்
"என் குடும்பப் பெயருக்கு உங்கள் பாஷையில் என்ன அர்த்தம்?"
என்று கேட்டபோது
நான் சிரிக்கவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு கதை உண்டு.
முதல் பத்ஷாய் ஒரு பாதுஷா.
யானையில் ஏறியவர், கடனில் இறங்கியவர், கப்பலில் வந்தவர்.
ஒலி பொருந்துகிறது பாருங்கள் என்றார்.
பாதுஷா எங்கள் ஊரில் மிட்டாய்க் கடையிலும் கிடைக்கும்
என்பதை நான் சொல்லவில்லை.

சேன்-தெனி ஆவணக் காப்பகத்தில் பேனா கூடாது,
பென்சில் மட்டும்.
கப்பலின் பெயர் கறையான் வயிற்றில்.
எண் இருந்தது.
பத்ஷாய், வயது பத்தொன்பது,
உயரம் ஒரு மீட்டர் நாற்பத்தெட்டு,
வலப் புருவத்தில் தழும்பு.
அடுத்த கட்டத்தில் ஒரே சொல்: பெண்.

பச்சாயி.
அட, நம்ம பச்சாயி.
எழுத்தர் மூக்கைத் துடைத்துக்கொண்ட நேரத்தில்
கடைசி எழுத்துத் தேய்ந்திருக்க வேண்டும்.
அதற்கப்புறம் ஆறு தலைமுறை மீசைகள்,
ஒரு மேஸ்திரி, இரண்டு போலீஸ்காரர்கள்,
இடது கையால் பந்து பிடிக்கும் ஒரு கோல்கீப்பர்,
அத்தனை பேரும் மிஸ்யே பச்சாயி.

ழெரார் பென்சிலைக் கீழே வைத்தார்.
கல்யாணப் பதிவைத் தேடச் சொன்னார். இல்லை.
பிறப்புப் பதிவு மூன்று.
மூன்றிலும் தாய் பச்சாயி.
தகப்பன் பெயர் சொல்லப்படவில்லை.
சொல்லப்படவில்லை என்றுதான் இருந்தது,
இல்லை என்று இல்லை.

மூன்று பிள்ளைகளையும்
நகரசபைக்குத் தூக்கி வந்து காட்டியவன் ஒருவனே:
பெரியாணன் என்கிற கோடாலி, கூலி.
வயது முப்பத்திநாலு,
அடுத்த பிள்ளைக்கு முப்பத்திமூன்று,
கடைசியில் நாற்பது.
எழுதத் தெரியாது என்று அறிவித்தான்.
கீழே ஒரு பெருக்கல் குறி.

அதைத் தொடப்போன ழெரார்
காப்பாளர் இருமியதும் கையை இழுத்துக்கொண்டார்.
"இவன்தானா?"
தெரியாது என்றேன்.
பக்கத்துக் கொட்டடிக்காரனாகவும் இருக்கலாம்.
அரைநாள் கூலியை விட்டுவிட்டு
மழையில், மூன்று தடவை,
அடுத்தவன் பிள்ளையைச் சுமந்து நடக்கிறவர்களும்
உலகத்தில் இருப்பார்கள்.

அந்த 'என்கிற' பிரெஞ்சில் வெறும் 'தி'.
எச்சில் துப்புகிற நேரம்கூட ஆகாது.
தமிழில் அதற்குள் ஒரு 'என்' கிடக்கிறது.
சொல்லுதல் என்பது அந்த 'என்',
என்னுடையது என்பது வேறு 'என்',
இரண்டுக்கும் உறவில்லை என்று
பள்ளியில் இலக்கண ஐயா மேசையைத் தட்டினார்.
நானும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

திரும்பும் வழியெல்லாம் ழெரார் பேசவில்லை.
சர்க்கரை ஆலைத் திருப்பத்தில் மட்டும்,
"பாதுஷாவை அம்மாவிடமிருந்து எப்படிப் பிடுங்குவது" என்றார்.
இறங்கும்போது
ஆலைச் சீட்டின் பின்பக்கத்தை நீட்டினார்.
இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வரிசையில் அவர் லாரி.
பின்பலகையில் மஞ்சள் பெயின்ட், அவர் கையாலேயே:
பசசாயி என்கிற கோடாலி.
ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

சொல்லலாம் என்று வாய் திறந்தேன்.
பின்னால் ஹாரன்.
லாரி நகர்ந்துவிட்டது.