இரண்டு கோடு

ரியோ காயேகோஸில் காற்று
கடைக் கதவைத் தானே திறந்துகொண்டு வரும்.
யார் வந்தாலும் முதலில்
காற்றென்றுதான் நினைப்பேன்.

தொப்பியை மார்போடு பிடித்தபடி
ஒருவர் நின்றார். எலெயுத்தேரியோ மான்சியா.
ஈரக் கம்பளி நாற்றம்.
"ஒரு திட்டம் வேண்டும்" என்றார்,
அரைக் கிலோ மாவு கேட்பதுபோல.

மாதக் கடைசி.
நான்கு 'வரம்பற்றது' விற்றாக வேண்டும் நான்.
இல்லையென்றால் மேலாளர் ஃபபியோலா
சுவர் அட்டவணையில் என் பெயருக்கு நேரே
சிவப்புப் பொட்டு ஒட்டுவாள்,
இளித்துக்கொண்டே.

நாற்பது ஜிபி என்றேன்.
இரவு முழுக்கப் படம் பார்க்கலாம் என்றேன்.
பிரேசில் போனால் ரோமிங் இலவசம்.
"பிரேசிலில் எனக்கு யாருமில்லை."
சிலிக்கும் உண்டு.
"சிலிக்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நான்தான்."

சோளப்பொரிப் பசிக்கு
யானையை விற்கப் பார்க்கிறேன் என்று
எனக்கே தெரிந்தது.
மாதம் எவ்வளவு பேசுவீர்கள், கேட்டேன்.

ஆடு எண்ணும் குறிப்பேட்டை எடுத்தார்.
ஐந்தைந்தாகக் கோடுகள், பக்கம் பக்கமாய் ஆடுகள்.
பின்னட்டையில் மட்டும் வேறு கோடுகள்:
ஏப்ரல் பதினொன்று. மே ஏழு.
ஜூன் இல்லை, பனி.
ஜூலை நாற்பத்திரண்டு.

ஜூலையில் என்ன?
"மகளுக்குப் பிள்ளை பிறந்தது.
அதில் முப்பது நிமிடம் பிள்ளை அழுதது.
அதற்கும் காசுதானா?"

அதற்கும்தான்.
ஒரு விநாடி என்றாலும் ஒரு நிமிடக் காசு,
அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.

சிக்னல் வரைபடத்தை விரித்தேன்.
நெடுஞ்சாலையை ஒட்டியே ஊதா நிறம் ஓடும்,
கிளை பிரியப் பயந்ததுபோல.
மீதி எல்லாம் வெள்ளை.
வெள்ளையில் அவர் விரலை வைத்தார்.

"இங்கே, காற்றாடிக்குப் பின்னால், ஒரு எண்ணெய்ப் பீப்பாய்.
மேலே ஏறி மேற்கே திரும்பினால் ஒரு கோடு.
காதில் வைத்தால் போய்விடும்.
தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்த வேண்டும்.
என் குடும்ப விஷயம் முழுக்க ஆடுகளுக்குத் தெரியும்.

இங்கே, குதிரை மேல் இருந்தால் மட்டும்.
குதிரை அசையக் கூடாது.

இந்தப் பள்ளத்தில் எதுவும் வராது.
ஒரே ஒருமுறை வந்தது,
நீங்கள் அனுப்பிய விளம்பரம்."

நிறுவனத்தின் வரைபடத்தில்
என் பேனாவால் மூன்று புள்ளி வைத்தேன்.
நான்கு வருட வேலையில்
அதில் நான் எழுதிய முதல் உண்மை.

"பேசாமல் மிச்சம் வைத்த நிமிடம் என்ன ஆகும்?"
முப்பது நாளில் காலாவதி.
"யாருக்குப் போகும்?"

பயிற்சி வகுப்பில் இதற்குப் பதில் இல்லை.
ஃபபியோலா உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.
கெட்டிலின் சத்தம் ஏறும்வரை காத்திருந்து
கவுண்டர் மேல் குனிந்தேன்:

எதிர்வரிசையில் பச்சைப் பலகைக் கடை.
அவர்கள் கோபுரம் உங்கள் மேட்டைப் பார்த்து நிற்கிறது.
இருப்பதிலேயே சின்ன ரீசார்ஜ் வாங்குங்கள்.
வரம்பற்றது என்று யார் சொன்னாலும்
காது கேட்காததுபோல் இருங்கள்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார்,
சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்ப்பதுபோல.
தொப்பியை அழுத்திப் போட்டுக்கொண்டார்.
கதவைக் காற்று திறந்தது.

சிவப்புப் பொட்டு விழுந்தது.
செப்டம்பரிலும் ஒன்று.

அக்டோபரில் ஒரு காலை
கடைத் தொலைபேசி அடித்தது.
முதலில் காற்று.
பிறகு ஆடுகள், நிறைய.
பிறகு எங்கோ உயரத்திலிருந்து ஒரு கத்தல்:
"இரண்டு கோடு! பெண்ணே, இரண்டு கோடு!"
துண்டித்துப் போனது.

ஒன்பது விநாடி.
பச்சைக் கடையிலும் அதே பொடி எழுத்துதான்,
அது ஒரு முழு நிமிடம்.

அந்தப் பின்னட்டையில்
அக்டோபருக்கு நேரே
ஒரு கோடு எனக்கு.